இருபதாம் எண் சட்டை

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. ஜாசினிலிருந்து அசஹான் பக்கம் போகிற சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்தின் பந்துத் திடல். சுற்றிலும் செம்பனை. அதற்கும் அப்பால் குனோங் லேடாங் மலை இடுப்புவரை மேகத்தில் நிற்கிறது. திடலின் ஒரு கோடியில் முனீஸ்வரர் கோயில். மறுகோடியில் கதவு பெயர்ந்த ஆயாக் கொட்டாய். கோல் கம்பங்கள் இரும்புக் குழாய்கள். வலை கிடையாது. கோல் அடித்தவனே செம்பனைக்குள் போய்ப் பந்தை எடுத்துவர வேண்டும் என்பது இங்கே சட்டம்.

பதினொரு பேர் சேரவில்லை. ஒன்பதுக்கு ஒன்பது. ஒரு பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேர் இப்போது தோட்டத்தில் இல்லை. பெற்றோர் புக்கிட் கட்டில், கிருபோங் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை. ஞாயிறு வந்தால் மோட்டாரை எடுத்துக்கொண்டு பழைய திடலுக்கு வந்துவிடுகிறார்கள். எதிர்ப்பக்கம் தோட்டத்தில் குலை வெட்டுகிற இந்தோனேசிய, வங்காளதேச இளைஞர்கள். நடுவர் கிடையாது. யார் உரக்கக் கத்துகிறாரோ அவர் பக்கம் தீர்ப்பு.

கோயிலுக்குப் பக்கத்தில் மரத்தடிச் சிமெண்டு மேடை. அதில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. கண்கள் எல்லாம் ஒரு பையன்மேல் இருக்கின்றன.

பதினாறு வயது இருக்கும். மெலிந்த உடம்பு, நீண்ட கால். பந்து வராதபோது அவன் திடலில் இருப்பதே தெரியவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோட்டோரமாக நின்று, எறும்புக் கடியைச் சொறிந்துகொண்டிருக்கிறான். பந்து அவன் காலுக்கு வந்ததும் ஆள் மாறிப்போகிறான். முதல் இரண்டு அடி நிதானம். மூன்றாவது அடியில் எதிராளியின் பக்கம் தோளைச் சாய்க்கிறான். எதிராளி அந்தப் பக்கம் சாய்கிறான். பையன் இந்தப் பக்கம் போய்விடுகிறான். இதே வித்தையை அரை மணி நேரத்தில் நாலு தடவை செய்துவிட்டான். நாலு தடவையும் அதே வங்காளதேசத்துக்காரர் ஏமாந்தார். நாலாவது தடவை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பையன் போட்டிருக்கிற சட்டை அவன் அளவு இல்லை. வெளிர் நீலம். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரை தொங்குகிறது. தோளில் பஞ்சுத் தடுப்பு வைத்துக்கொள்ள இடம் விட்டுத் தைத்த சட்டை என்பதால் தோள்பட்டை இரண்டும் தொய்ந்து கிடக்கின்றன. முதுகில் பெரிதாக 20. அதற்கு மேலே ஏழு ஆங்கில எழுத்து. கடைசி எழுத்து உரிந்து நூல் மட்டும் நிற்கிறது.

இடைவேளையில் கூட்டாளி ஒருவன் தண்ணீர்ப் போத்தலை நீட்டியபடி கேட்கிறான்.

"யாருடா இந்த சாண்டர்ஸ்? கே.எஃப்.சி. தாத்தாவா?"

"தெரியாது லா. பண்டல் கடையில எடுத்தது. ஏழு வெள்ளி."

எல்லாரும் சிரிக்கிறார்கள். பையனும் சிரித்துவிட்டுச் சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொள்கிறான்.

கே.எஃப்.சி. தாத்தாவுக்கும் இந்தச் சட்டைக்கும் சம்பந்தம் இல்லை. இது பேரி சாண்டர்ஸ் போட்ட எண். அமெரிக்காவின் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு 1989 முதல் 1998 வரை பத்துப் பருவங்கள் ஆடியவர். அங்கே காற்பந்து என்று சொல்கிற ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, எதிரணிப் பதினொரு பேருக்குள் புகுந்து ஓடுகிறவரை ரன்னிங் பேக் என்பார்கள். நம் சடுகுடுவில் பாடிப் போகிறவனை நினைத்துக்கொள்ளலாம். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறான். இவர் பந்தைப் பிடித்துக்கொண்டு போகிறார். சடுகுடுவிலாவது தொட்டுவிட்டுத் திரும்பி வரலாம். இங்கே திரும்பி வர இடமில்லை. நூறு கிலோவைத் தாண்டிய ஆட்கள் மேலே விழுந்து அமுக்கும்வரை முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ஆட்டத்துக்கு சாண்டர்ஸ் குள்ளம். ஐந்தடி எட்டு அங்குலம். கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரத்தில் 1968-இல் பிறந்தவர். பதினொரு பிள்ளைகள் உள்ள வீடு. அப்பா தச்சு வேலையும் கூரை வேலையும் செய்து பிழைத்தவர்; மகன்களையும் கூரைமேல் ஏற்றி வேலை வாங்கியவர். இவ்வளவு குள்ளமான பையன் என்ன ஆடுவான் என்று பெரிய பல்கலைக்கழகங்கள் பல ஒதுக்கிவிட்டன. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. 1988-இல் ஒரே பருவத்தில் 2,628 கெஜம் ஓடிக் காட்டினார். கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பை அவர் கைக்கு வந்தது.

அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் ஓட்டத்தைச் சொல்லிவிட்டு அடுத்ததாக ஒன்றைச் சொல்வார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்ததும் மற்றவர்கள் ஆடுவார்கள், பந்தைத் தரையில் அடிப்பார்கள், கூட்டத்தைப் பார்த்துக் கையை விரிப்பார்கள். சாண்டர்ஸ் பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடந்து போய்விடுவார். தொழில்முறை ஆட்டத்தில் முதல் ஆண்டிலேயே, 1989-இல், லீக்கில் அதிகத் தூரம் ஓடியவர் என்ற பட்டம் இன்னும் 11 கெஜம் ஓடினால் கிடைக்கும் என்ற நிலை. கடைசி ஆட்டம். வெற்றி கைக்கு வந்துவிட்டது. பயிற்சியாளர் இறங்கச் சொல்லிக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பட்டம் கிறிஸ்டியன் ஒக்கோயே என்ற நைஜீரியருக்குப் போனது. அவர் 1,480 கெஜம், சாண்டர்ஸ் 1,470.

பிறகு அந்தப் பட்டம் நாலு தடவை தேடி வந்தது. 1997-இல் ஒரே பருவத்தில் 2,053 கெஜம். பத்துப் பருவத்தில் ஒன்றில்கூட ஆயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் அணிக்கு ஒரு கோப்பையும் கிடைக்கவில்லை. 1999 ஜூலையில், புதிய பருவத்துக்குப் பயிற்சி தொடங்கப்போகிற நேரத்தில், சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு தொலைநகல் அனுப்பினார். ஆட்டத்தை விட்டுவிட்டேன் என்பது செய்தி. வயது 31. அதுவரை ஓடியது 15,269 கெஜம். வால்டர் பேட்டன் வைத்திருந்த லீக் சாதனை 16,726. இன்னும் ஒரு பருவம் ஆடியிருந்தால் தாண்டியிருப்பார் என்று இன்றைக்கும் புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

15,269 கெஜத்தைக் கிலோமீட்டராக்கினால் 14-கூட வராது. இந்தத் திடலிலிருந்து மலாக்கா நகரத்துக்குப் போகிற வழியில் பாதியைத் தாண்டாத தூரம். அதைக் கடக்க அவர் 3,062 தடவை பந்தை வாங்கி ஓட வேண்டியிருந்தது. ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் யாராவது அவரைத் தரையில் சாய்த்திருக்கிறார்கள். ரன்னிங் பேக்கின் ஆட்ட ஆயுள் சராசரியாக மூன்று ஆண்டுகூட இல்லை என்பது அந்த ஆட்டக்காரர் சங்கம் சொல்கிற கணக்கு. முழங்கால் போகும், கணுக்கால் போகும், சிலருக்கு நினைவே போகும். சாண்டர்ஸ் தன் காலால் நடந்து வெளியே வந்தார்.

அவருடைய எண்ணைச் சுமந்த சட்டை எத்தனை கை மாறியதோ, மூட்டையில் கட்டிக் கப்பலேறி, ஏதோ ஒரு பண்டல் கடையின் கம்பியில் தொங்கி, இந்தத் தோட்டத்துப் பையன் முதுகுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

திடலின் இடப்பக்கக் கோட்டோரம் ஒரு கிழவர் நிற்கிறார். எழுபதைத் தாண்டியிருப்பார். காக்கிச் சட்டை, முழங்கால்வரை மடித்துவிட்ட காற்சட்டை, ரப்பர்ச் செருப்பு. அவருடைய கப்சாய் மோட்டார் கோயில் சுவரில் சாய்ந்திருக்கிறது. சட்டைப் பையின்மேல் பாதுகாவலர் வில்லை. இரவு ஏழு மணிக்கு ஜாகா வேலை. அதுவரை இங்கே. இடது முழங்கால் வலதைவிடப் பெரிதாக வீங்கி, மேலே தோல் பளபளக்கிறது. பந்து இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அந்தக் காலை இழுத்து வைத்துக்கொண்டு கோட்டோரமாகவே பத்தடி முன்னால் போகிறார். பந்து போனதும் பழைய இடத்துக்குத் திரும்பி வருகிறார். வேறு யாரும் இப்படிச் செய்யவில்லை. பழைய இடதுசாரி ஆட்டக்காரரின் கால் இது.

இன்னொரு பெரியவர் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி-ஓவை உறிஞ்சிக்கொண்டே வந்து மேடையில் உட்காருகிறார். இரண்டு பேரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் என்பது பேச்சில் தெரிகிறது.

"பையன் ஓட்டத்தப் பாத்தியா? ஒன்னய மாதிரியே இருக்கு."

"நான் இவ்வளவு சுளுவா ஓடலப்பா. நான் முக்கிக்கிட்டு ஓடுவேன்."

"அஞ்சு மணிக்குப் பெரட்டு. அப்புறம் ஒரு தட்டு மரம் வெட்டணும். பால எடுத்து ஸ்டோருல ஊத்திட்டு வர்றதுக்குள்ள மத்தியானம். மூணு மணிக்கு இங்க நிப்ப. முக்காம என்ன செய்வ?"

கிழவர் சிரிக்கிறார். முன்பல் ஒன்று இல்லை.

"எழுபத்தாறுல மாநிலத் தேர்வுக்குக் கூப்பிட்டாங்கல்ல?"

"கூப்பிட்டாங்க. ரெண்டு நாள் டவுனுல இருக்கணும்னாங்க. ரெண்டு நாள் சம்பளம் போயிரும். அப்பா வேணாம்னுட்டாரு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு இருந்தேன். அடுத்த வருசம் யாரும் கூப்பிடல."

இதைச் சொல்கிறபோது குரலில் வருத்தம் இல்லை. பல தடவை சொல்லித் தேய்ந்துபோன செய்தி. கண் பந்துமேலேயே இருக்கிறது.

இவர் ஓடிய மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டம் மலாக்காவில்தான் பிறந்தது. 1896-இல் டான் சாய் யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் காட்டை அழித்து மரம் நட்டார். அதற்குப் பின்னால் நாடு முழுக்க எழுந்த ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் வந்தது. லயம், கோயில், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி, திடல் என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரே வார்ப்பு. சம்பளம் குறைவு, வேலை அதிகம். ஆனாலும் திடல் மட்டும் எல்லாத் தோட்டத்திலும் இருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் பந்து போட்டி நடக்கும். கங்காணியும் கிராணியும் ஒரே வரப்பில் உட்கார்ந்து கத்துகிற ஒரே நேரம் அதுதான்.

"ஜெகதீசன் மாதிரி வந்துருவேன்னு அப்ப ஒரு நெனப்பு," என்கிறார் கிழவர், தானாகவே.

"அவரு டாக்டருக்குப் படிச்சுக்கிட்டே ஓடுனாரு. நீ பால் வெட்டிக்கிட்டே ஓடுன."

"கால் ஒண்ணுதாம்பா. படிப்புதான் வேற."

கோப்பி-ஓ உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

ஐம்பது வயதைத் தாண்டிய மலேசியத் தமிழருக்கு அந்தப் பெயருக்கு அடைமொழி தேவையில்லை. இளையவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். டான்ஸ்ரீ டாக்டர் எம்.ஜெகதீசன், 1943-இல் பேராக் மாநிலத்தின் கோலக்கங்சாரில் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவுக்காக 400 மீட்டர் ஓடியபோது வயது 16. 1962 ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கம். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் அதே ஓட்டத்தில் அரையிறுதி. இவ்வளவும் நடக்கும்போது கையில் மருத்துவப் புத்தகம். சிங்கப்பூரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். பறக்கும் மருத்துவர் என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன.

1966 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டு. 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் இரண்டு தமிழர்கள் தோளோடு தோளாகக் கோட்டைத் தொட்டார்கள். ஒருவர் மலேசியாவின் ஜெகதீசன், மற்றவர் சிங்கப்பூரின் சி.குணாளன். சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. இருவருக்கும் ஒரே நேரம், 10.5 விநாடி. புகைப்படத்தை வைத்துத்தான் தங்கம் யாருக்கு என்று முடிவு செய்தார்கள். தங்கம் ஜெகதீசனுக்கு. அந்த விளையாட்டில் 200 மீட்டரிலும் 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டத்திலும் சேர்த்து அவர் வாங்கியது மூன்று தங்கம். அந்த ஆண்டு முதன்முதலாக மலேசியாவின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் கொடுக்கப்பட்டன. ஆண்களில் ஜெகதீசன், பெண்களில் எம்.ராஜமணி. இரண்டும் தமிழ்ப் பெயர்கள்.

குணாளன் முதலில் பந்து விளையாட்டுக்காரர். ஆசிரியர். அவருடைய வேகத்தைப் பார்த்துத் தடகளத்துக்கு இழுத்து வந்தவர் பயிற்சியாளர் டான் எங் யூன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அது சிங்கப்பூரின் தேசியச் சாதனையாக 33 ஆண்டு நின்றது. 2001-இல் யு.கே.ஷியாம் 10.37-இல் ஓடி அதை முறியடித்தார். முப்பத்து மூன்று ஆண்டில் குறைந்தது ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு.

அதே மெக்சிகோவில் ஜெகதீசன் 200 மீட்டர் அரையிறுதியில் 20.92 விநாடியில் ஓடினார். அதோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். 25 வயது நிறையச் சில நாட்கள் இருந்தன. ஓட்டக்காரனுக்கு அது மதியப் பொழுதுகூட ஆகாத வயது. அவருக்கு வேறு வேலை காத்திருந்தது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராகவும், சுகாதார அமைச்சின் துணைத் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். ஆசிய, காமன்வெல்த் விளையாட்டு அமைப்புகளுக்கு விளையாட்டு மருத்துவத்தில் வழிகாட்டினார். ஓடிய ஆண்டுகள் எட்டு, பத்து இருக்கும். அதற்குப் பிறகான உழைப்பு அரை நூற்றாண்டு.

அவர் மெக்சிகோவில் விட்டுவந்த 20.92 மட்டும் யாராலும் தொட முடியாமல் 49 ஆண்டு நின்றது. 2017-இல் அதை முறியடித்தவர் இந்த மலாக்கா மாநிலத்துப் பிள்ளைதான், கைருல் ஹஃபிஸ் ஜந்தான். 20.90 விநாடி. அதற்கு முந்தைய ஆண்டு கூச்சிங் சுக்மா போட்டியில் 100 மீட்டரை 10.18-இல் ஓடி, வாட்சன் நியாம்பெக் 1998-இல் வைத்த 10.30 சாதனையையும் தாண்டியிருந்தார். 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டில் 100 மீட்டர் தங்கமும் அவருக்குத்தான். அந்தத் தங்கத்தின் நேரம் 10.38. மெக்சிகோவில் குணாளன் ஓடிய அதே நேரம். கைருலின் 10.18-ம் பிறகு நிலைக்கவில்லை. 2022-இல் முகமட் அசீம் ஃபாமி 10.09-க்குக் கொண்டுபோய்விட்டார். சாதனை என்பது அப்படித்தான். அடுத்தவன் வரும்வரை வாடகைக்கு இருக்கலாம்.

இடைவேளை முடிந்து ஆட்டம் சூடுபிடித்துவிட்டது. இரண்டுக்கு இரண்டு. வெளிச்சம் குறைகிறது. தோட்டத்துப் பக்கக் காப்பாளர் கையால் உருட்டிவிட்ட பந்து நடுத்திடலில் நீலச்சட்டைப் பையனுக்கு வருகிறது. ஒருவரைத் தாண்டுகிறான். இரண்டாமவர் சட்டையைப் பிடிக்கிறார். சட்டை பெரிது, பிடி துணியோடு போய்விட, பையன் நழுவி விடுகிறான். கிழவர் கோட்டோரம் நகர ஆரம்பித்துவிட்டார். பையன் இடப்பக்கம் திரும்புகிறான். தோளைச் சாய்க்கிறான். நாலு தடவை ஏமாந்தவர் இந்தத் தடவை சாயவில்லை. நின்ற இடத்தில் நின்று காலை நீட்டிவிடுகிறார்.

பையன் புரண்டு விழுகிறான். ஒரு புரளல், இரண்டு புரளல். எழுந்திருக்கவில்லை. வலது முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறான்.

காலை நீட்டியவர்தான் முதலில் ஓடி வந்து மலாயில் மன்னிப்புக் கேட்கிறார். அதற்குள் கிழவர் கோட்டைத் தாண்டி உள்ளே போகிறார். தோளைக் கொடுத்துப் பையனை எழுப்பி, நொண்டியபடியே இரண்டு பேரும் மேடைக்கு வருகிறார்கள். எந்த நொண்டல் யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

மோட்டார்ப் பெட்டியிலிருந்து கோடாலித் தைலப் புட்டி வெளியே வருகிறது. கிழவர் தரையில் குந்த முடியாமல், மேடையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பையனின் காலைத் தன் மடியில் எடுத்து வைக்கிறார். முழங்கால் சில்லைச் சுற்றி இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக அழுத்திப் பார்க்கிறார். உள்பக்கம். வெளிப்பக்கம். பிறகு மடக்கச் சொல்கிறார். நீட்டச் சொல்கிறார். பையன் முகம் சுளிக்கிறான், ஆனால் கால் மடங்கி நீள்கிறது.

"ஒண்ணும் ஆவல. சுளுக்குதான்."

நாலு சொட்டுத் தைலத்தை உள்ளங்கையில் விட்டுச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு முழங்காலில் வைக்கிறார். நகக்கண்ணில் இன்னும் ரப்பர்ப் பால் கறை இருக்கிறதோ என்று தோன்றுகிற அளவுக்குக் கருத்த விரல்கள்.

"எந்தப் பாரம் இப்ப?"

"பாரம் நாலு தாத்தா. அடுத்த வருசம் போகல. மாமா வேல செய்யுற ஃபேக்டரியில சேத்து விடுறேன்னாரு. ஓ.டி. நல்லா கெடைக்குதாம். சாயங்காலம் கிளப்புல ஆடலாம். செலெக்ஷன் வெச்சா போவலாம்."

கிழவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"இந்தக் காலு எத்தன வருசம் ஓடும்?"

"தெரியாது."

"எனக்கு ஓடுனது பத்து வருசம். நிறுத்தி நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. மொதல்ல மரம் வெட்டு, அப்புறம் குலை வெட்டு, இப்ப ஜாகா."

பையன் திடலைப் பார்க்கிறான். அவன் இடத்தில் வேறொருவன் இறங்கிவிட்டான். அதுதான் அவனுக்குக் கவலை.

"எஸ்.பி.எம். எழுது. அப்புறம் ஓடு. ஓடாதன்னு யாரு சொன்னா?"

"ம்."

"ம் இல்ல. எழுதணும்."

கோப்பி-ஓ பெரியவர் தன் பங்குக்குச் சேர்த்துக்கொள்கிறார். "ராஜகோபால் தெரியுமாடா ஒனக்கு? சிலாங்கூருக்கு ஆடுனவரு. கோல் கோலா போட்டவரு. ஆட்டம் முடிஞ்சதும் சும்மா ஒக்காந்துக்கல. கோச்சு ஆனாரு."

பையனுக்குத் தெரிந்திருக்கிறது. "சுசுகி கப்பு," என்கிறான்.

சரியாகச் சொன்னான். கே.ராஜகோபால் பயிற்சி கொடுத்த இளைஞர் அணி 2009-இல் லாவோஸ் சீ விளையாட்டில் தங்கம் வாங்கியது. இருபது ஆண்டுக்குப் பிறகு கிடைத்த தங்கம். அடுத்த ஆண்டு டிசம்பரில் சுசுகி கிண்ணத்தின் முதல் இறுதியாட்டத்தில் புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்று, ஜக்கார்த்தாவில் 1-2 என்று தோற்று, மொத்தத்தில் 4-2 என்ற கணக்கில் மலேசியா முதன்முதலாக அந்தக் கிண்ணத்தைத் தூக்கியது. அப்போது இந்தப் பையன் கைக்குழந்தையாக இருந்திருப்பான். யாரோ வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

"தாத்தா, மறுபடி எறங்கட்டுமா?"

கிழவர் இன்னொரு தடவை முழங்காலை மடக்கி நீட்டிப் பார்க்கிறார்.

"எறங்கு. தோளச் சாய்க்காத. அவன் கண்டுபிடிச்சுட்டான். இந்தத் தடவ நேராப் போ."

பையன் குதித்து இறங்குகிறான். நாலு அடி நொண்டல், ஐந்தாவது அடியிலிருந்து ஓட்டம். பந்து வருகிறது. நேராகப் போகிறான். ஏமாந்து பழகியவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்க, நடுவே புகுந்து மூன்றாவது கோலை உதைத்துவிடுகிறான். கையைத் தூக்கவில்லை, கத்தவில்லை. சட்டப்படி செம்பனைக்குள் போய்ப் பந்தைத் தேடி எடுத்து வந்து, நடுத்திடலில் எதிரணிக்காரர் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்கு நடக்கிறான். சட்டையில் பேர் போட்ட மனிதரும் இதைத்தான் செய்வார் என்பது அவனுக்குத் தெரியாது.

ஆட்டம் முடிகிறது. மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிழவரும் போய்விட்டார்.

அன்றைக்கு நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியது வாசகரிடம்தான் இருக்கிறது.

ஜெகதீசனுக்கு மருத்துவம் இருந்தது. குணாளனுக்கு ஆசிரியத் தொழில் இருந்தது. ராஜகோபாலுக்குப் பயிற்சி கொடுக்கிற அறிவு இருந்தது. சாண்டர்ஸுக்கு, போதும் என்று சொல்லிவிட்டு வெளியே வருகிற அளவுக்குப் பணம் இருந்தது. தோட்டத்து இடதுசாரி ஆட்டக்காரருக்கு அந்த முழங்கால் ஒன்றுதான் இருந்தது. அது போனதும் எல்லாம் போயிற்று. வேகத்தில் அவர் யாருக்கும் குறைந்தவராக இருந்திருக்க மாட்டார். இரண்டு நாள் சம்பளத்தை விட்டுக்கொடுக்க முடியாத வீட்டில் பிறந்தார், அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்த நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. இடைநிலைப்பள்ளி எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. பால் வெட்டிவிட்டு ஓட வேண்டிய கட்டாயம் பிள்ளைகளுக்கு இல்லை. ஆனால் ஓ.டி. சம்பளம் பாரம் நாலில் வந்து கதவைத் தட்டுகிறது. நன்றாக ஓடுகிற பிள்ளைக்குத்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்கிறது; அவனுக்குத்தான் படிப்பு எதற்கு என்று தோன்றுகிறது, சுற்றி நிற்கிறவர்களும் அதற்குத் தலையாட்டுகிறார்கள்.

கிளப்பு நடத்துகிறவர்களே, பிள்ளையைச் சேர்க்கும்போது ஓட்ட நேரத்தோடு பள்ளி வருகைப் பதிவையும் கேளுங்கள். பெற்றோரே, மாமன்மாரே, பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், திடலுக்கு வந்து கைதட்டுங்கள், எஸ்.பி.எம். எழுதும்வரை தொழிற்சாலை வாசலைக் காட்டாதீர்கள். ஓட்டம் பத்து ஆண்டு. பிழைப்பு ஐம்பது ஆண்டு.